தபேதாருக்கு எக்ஸ்டென்ஷன்

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்த காலம். நகரிப் பக்கம் ஒரு தாலுக்கா ஆபீசில் நான் பியூன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதற்கு மேல் ஒரே பதவிதான் உண்டு: தபேதார். அதில் வரதப்பன் உட்கார்ந்திருந்தார். ரிடையர் ஆகும் வயது அவருக்கு வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்டென்ஷன் கேட்டு மனுப் போட்டிருந்தார்.

"பென்ஷன எந்த ராஜ்யம் குடுக்கும்னே தெரியலியேடா. ரெண்டு பேரும் கைய விரிச்சிட்டா நான் இன்னாத்த துன்றது?" என்றார்.

அவர் பட்டினி கிடப்பாரோ என்று எனக்குக் கவலை. கிடக்காமல் வேலையிலேயே இருந்துவிடுவாரோ என்று அதைவிடக் கவலை.

அந்த வாரம் ஒரு கிராமத்தில் முகாம். வரி கட்ட வந்தவர்களிடம் தாசில்தார் விளையாட்டாகக் கேட்டார்: "இவருக்குப் பென்ஷன் கொடுத்தா உங்க வரியிலதான் கொடுக்கணும். இல்லேன்னா இன்னும் மூணு வருஷம் வேலை வாங்கலாம். ஏமண்டாரு, என்ன சொல்றீங்க?"

"வேலய வாங்குங்க தொர!" என்றார் கோவிந்தசாமி, வேர்க்கடலை போடுகிறவர். "எழுவது வயசுல நான் ஏர் ஓட்டிக்கினு கீறேன். எனக்கு எவன் பென்ஷன் குடுக்கறான்?"

"அப்போ வண்டியில இருக்கிற ரெகார்டுப் பெட்டியை இவரே சாவடிக்குக் கொண்டு வரட்டும். வந்தா நான் ரெகமண்ட் பண்றேன்" என்றார் தாசில்தார்.

சாவடி மேட்டின் மேல் இருந்தது. பாதி மேட்டில் வரதப்பன் பெட்டியோடு தள்ளாடினார், முகம் வெளுத்தது. சும்மா நின்றால் தபேதார் வேலை எனக்கு. ஆனால் மனுஷன் விழுந்து செத்துவிட்டால்? போலீஸ், சாட்சி, வாக்குமூலம், அதுவும் தமிழிலா தெலுங்கிலா? ஓடிப்போய் பெட்டியைத் தாங்கினேன். அவர் முழுப் பெட்டியையும் என் தலைக்கு மாற்றிவிட்டு, ஒரு கையை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"இன்னா தொர, ஒரு பெட்டிக்கு ரெண்டு சம்பளமா?" என்று கோவிந்தசாமி கத்தினார். "இதுக்குப் பென்ஷனே குடுத்து ஊட்டுக்கு அனுப்பலாம்!"

"வரி ஏறுமே?"

"இப்ப மட்டும் எறங்கிக்கினா கீது?"

தாசில்தார் சிரித்தபடி கேட்டார்: "பெட்டி வந்துச்சா, இல்லியா?"

வந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"டேய், திரும்பறப்பவும் பாத்துத் தூக்கு. உள்ள சர்க்கார் ரெகார்டு கீது" என்றார் வரதப்பன், புது அதிகாரத்தோடு.

இப்போது வேலையில் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிடையர் வயதை ஏற்றினால் சர்க்காருக்குச் செலவு மிச்சம் என்று யாராவது கணக்குக் காட்டினால், பெட்டி யார் தலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மூன்று வருஷம் அது என் தலையில் இருந்தது, பியூன் சம்பளத்துக்கு.