பங்குக் கிணற்றுக்குச் சோலர் வந்தபோது

முதலிலேயே ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நான் ஒரு பாத்திக்குக்கூடத் தண்ணீர் கட்டியதில்லை. இணுவிலில் எங்கள் வீட்டில் சுவிட்சைப் போட்டால் கிணற்றிலிருந்து தாங்கிக்குத் தண்ணீர் ஏறும். விவசாயம் பற்றிய என் அனுபவம் அந்தச் சுவிட்சோடு முடிந்துவிடும். அப்படிப்பட்ட நான், தோட்டக்காரர் எப்படித் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று துண்டுப்பிரசுரம் எழுதிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றதே, அந்த வருஷம் தொடங்கிய கதை இது. நான் வேலை செய்த நிறுவனம், வெளிநாட்டு நிதியம் ஒன்றிடமும் புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்களிடமும் பணம் திரட்டி, யாழ்ப்பாணத்து மில்களுக்கும் கடைகளுக்கும் தோட்டக்காரர் குழுக்களுக்கும் சூரிய மின்சாரம் அமைத்துக் கொடுத்தது. என் வேலை எழுத்து. ஒரு பக்கம் தருபவர்களிடம் உருக்கமாகக் கேட்க வேண்டும். மறுபக்கம் பெறுபவர்களிடம் உற்சாகமாகச் சொல்ல வேண்டும். பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன் என்பதால் இரண்டுமே கைவந்தன. 'வானத்தில் வரிசை இல்லை' என்று ஒரு வாசகம் எழுதினேன். மண்ணெண்ணெய்க் கானோடு விடியற்காலையில் வரிசைக்குப் போய்க்கொண்டிருந்த சனத்திடம் அது நன்றாக எடுபட்டது. எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். மிளகாய்த்தூள் அரைக்கும் மில் ஒன்றின் கூரையில் நாங்கள் போட்ட பானல்கள் இன்றைக்கும் ஒழுங்காக ஓடுகின்றன. வெயிலில் ஒரு பிழையும் இல்லை. பிழை எங்கே என்பதற்குத்தான் வருகிறேன்.

புத்தூரின் கிழக்கு ஓரத்தில், கடற்களப்பு வெளிக்குப் போகிற பக்கமாக, ஆறு குடும்பங்களுக்குச் சொந்தமான ஒரு பங்குக் கிணறு இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய நாளில் தன் மண்ணெண்ணெய் மிசினைக் கொண்டுவந்து வைத்து, ஒன்றிரண்டு மணித்தியாலம் இறைத்து, வெங்காயத்துக்குக் கட்டும். அதற்கு மேல் இறைக்க மண்ணெண்ணெய் விலை விடாது. குடிதண்ணீரும் அதே கிணற்றில்தான். எண்ணெய் கிடைக்காத அந்த வருஷம் இவர்களுடைய பயிர் வாடி நின்றதைப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினோம். பணம் வந்தது.

ஆறு பங்குக்காரரும் கையெழுத்து வைத்தால்தான் சூரிய மின்சாரத்தில் இறைக்கும் பம் பொருத்தலாம் என்பது நிபந்தனை. சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தோம். ஐந்து பேர் நான் சொல்லி முடிக்க முன்னமே பேனையைத் தேடினார்கள். ஆறாவது பங்குக்காரி ஒரு அக்கா. அறுபது வயது இருக்கும். கணவர் இல்லை, பிள்ளை வெளிநாட்டில். நாலு பரப்பு, கால் ஏக்கர் நிலத்தில் தனியாக வெங்காயம் வைப்பவர். அவர் படிவத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"நாள் முழுக்க இறைக்கலாம் எண்டு சொல்லுறியள். கிணறு ஆறவேணும், சேர். ஆறவிடாமல் இறைச்சா அடித்தண்ணி ஏறிப்போடும்."

குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே மேலே நிற்பது மழைத்தண்ணீர், அதற்கு அடியில் நிற்பது உப்புத்தண்ணீர். அதைத்தான் அவர் அடித்தண்ணி என்றார். எனக்கு இது தெரியாத சங்கதி என்று நினைக்க வேண்டாம். அந்தக் கூட்டம் நடந்த இடத்துக்குக் கிட்டத்தான் நிலாவரைக் கிணறு. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போய், அதன் மேல்தண்ணீர் நல்லது, ஆழத்தில் உப்பு என்று கட்டுரை எழுதி முதற்பரிசும் வாங்கியவன் நான். ஆனால் அந்த நேரத்தில் கூட்டம் இழுபட்டுக்கொண்டிருந்தது. மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்கடை கிணறு அரசாங்க உத்தியோகமோ அக்கா, லீவு கேக்குது? மெடிக்கல் லீவோ, காசுவல் லீவோ?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர், அவரும் பங்குக்காரர்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தார். ஒருவரைப் பற்றி எல்லோரும் சிரிக்கும்போது அவரும் சேர்ந்து சிரிக்காவிட்டால் மரியாதையாக இராதல்லவா, அந்தச் சிரிப்பு. பிறகு, "எல்லாரும் வைக்கினமெண்டா நானும் வைக்கிறன்" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார். வாகனத்தில் திரும்பும்போது என் மேலதிகாரி, உங்களை இதற்காகத்தான் வைத்திருக்கிறோம் என்று முதுகில் தட்டினார்.

பம் வந்தது. திறப்புவிழாவில் குழாயிலிருந்து பாய்கிற தண்ணீருக்குப் பக்கத்தில் அந்த அக்காவை நிற்க வைத்துப் படம் எடுத்தோம். பெண் விவசாயி ஒருவரின் முகம் இருந்தால் நல்லது என்று நிதி தந்தவர்கள் கேட்டிருந்தார்கள்.

வெயில் ஏறும்போது பம் தானாக ஓடத் தொடங்கும். வெயில் சாயும்வரை ஓடும். தண்ணீர் ஒரு பெரிய தாங்கியில் விழும். தாங்கியிலிருந்து யாரும் எந்த நாளும் திறந்துவிடலாம். முறை என்ற பேச்சே இல்லாமல் போனது. சும்மா கிடந்த துண்டுகளையும் கொத்திப் பீட்ரூட் போட்டார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் இறைபட்டது என்பது எங்கள் அலுவலகத்துக் கணினியில் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு மேலே போனால் திட்டம் வெற்றி. மாதாமாதம் அதைப் பார்த்து, குழுவின் தொலைபேசிக்குக் குரல்பதிவில் பாராட்டு அனுப்புவதும் என் வேலை. போன மாதத்தைவிடக் கூட இறைத்திருக்கிறீர்கள், கெட்டிக்காரர், இன்னும் கூட்டலாம் என்றெல்லாம் பாசத்தோடு பேசியிருக்கிறேன்.

இரண்டாவது வருஷம் ஆவணியில், சோழகக் காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்த நாட்களில், 'வெற்றிக் கதை' ஒன்று எழுதுவதற்காக அங்கே போனேன். நேரே அந்த அக்காவின் வீட்டுக்குத்தான் போனேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். ஒரு மிடறு குடித்தேன். உப்பு.

சீனியும் உப்பும் மாறிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை வைத்தும் ஒரு பகிடி விட வாயெடுத்தேன். அவர் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்டும் பிழையாப் போடேல்லை, சேர். கிணத்துத் தண்ணிதான்."

சொல்லிவிட்டுத் தன் கோப்பையை எடுத்துக் குடித்தார். பழகியவர் குடிப்பதுபோல, இடையில் நிறுத்தாமல் குடித்தார். நானும் குடித்து முடித்தேன். வேறென்ன செய்வது?

பிறகு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வெங்காயத் தாள்கள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்திருந்தன. வரம்புகளில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாத பம். அதையும் ஒரு சிறப்பம்சமாக நான் எழுதியிருக்கிறேன்.

ஏன் ஒருவரும் எங்களுக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டேன். கேள்வியில் கொஞ்சம் அதிகாரத் தொனி இருந்தது என்று நினைக்கிறேன்.

"போன மாசமும் நல்லா இறைக்கிறியள் எண்டு போனிலை பாராட்டினனீங்கள். பேந்து நாங்கள் என்னெண்டு சொல்லுறது?"

அன்று பின்னேரமே தாங்கியடியில் ஆறு பேரையும் கூட்டினேன். உடனே பம்மை நிறுத்த வேண்டும், குறைந்தது பழையபடி முறைக்கு வர வேண்டும் என்று கெஞ்சினேன். அவர்களுக்கு என்னைவிட நன்றாக விளங்கியது. ஆனால் நிலத்தில் பயிர் நின்றது. இன்னும் மூன்று கிழமை தண்ணீர் கட்டினால் ஏதாவது கிளப்பலாம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துவைத்திருந்தார்கள். "நான் நிப்பாட்டுறன் சேர். அவர் நிப்பாட்டுவாரோ எண்டு கேளுங்கோ" என்றார் ஒருவர். அவரைக் கேட்டேன். அவர் அடுத்தவரைக் காட்டினார். கிளார்க் ஐயா கிணற்றுக்கட்டில் கையூன்றிக்கொண்டு நின்றார். எல்லோரையும் ஒரு வசனத்தில் வழிக்குக் கொண்டுவரத் தெரிந்தவன் என்று பெயரெடுத்த எனக்கு அன்று ஒரு வசனமும் வரவில்லை.

பம் ஓடியது. அந்த மூன்று கிழமையும் முன்னரைவிட மும்முரமாக ஓடியது. கணினியில் கோடு ஏறியது.

அக்காவின் நாலு பரப்பிலும் கிளம்பியது கச்சான் கடலைக் கொட்டையளவு வெங்காயம். விற்க ஒன்றும் இல்லை என்பதைக்கூட அவர் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த போகத்துக்கு விதைவெங்காயமாகக் கட்டித் தொங்கவிட ஒரு பிடி தேறவில்லை என்பதைத்தான் இரண்டு தரம் சொன்னார். வருஷா வருஷம் தன் கையால் எடுத்துவைத்த விதை அது. அந்த வருஷத்தோடு நின்றது.

அலுவலகத்துக்கு இரண்டு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி கெட்டவர் இல்லை; மெல்லிய குரலில், உண்மையான கவலையோடுதான் சொன்னார்: "நாங்கள் பம் குடுத்தம். பம் வேலை செய்யுது. கிணறு எங்கடை திட்டத்துக்குள்ளை வராது." என் இரண்டு பக்கமும் ஆண்டறிக்கையில் 'நீரின் தரம் தொடர்பான சில சவால்கள்' என்று ஒரு வரியாகச் சுருங்கியது. அதற்குப் பக்கத்துப் படத்தில் பாய்கிற தண்ணீரோடு அக்கா சிரித்துக்கொண்டு நின்றார். நான் வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். விடவில்லை. மகளுக்குப் பல்கலைக்கழகம். இப்போது எங்கள் படிவத்தில் 'நீர்ப் பரிசோதனை' என்று ஒரு பெட்டி சேர்ந்திருக்கிறது. அது நிரம்பாமல் ஒரு கிணற்றுக்கும் பம் போவதில்லை. என் உழைப்பில் விளைந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

மாரி மழைக்குக் கிணறு கொஞ்சம் தெளிந்தது. தை கழிய மறுபடியும் கரித்தது. ஆறில் நாலு குடும்பம் தோட்டத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனது. பானல்களின் நிழலில் இப்போது ஆடுகள் படுத்திருக்கின்றன. அக்கா மற்றவர்களின் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போகிறார், வெங்காயம் நடத்தான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கூட்டத்தில் நான் விட்ட அந்தப் பகிடி, அதன் அற்பத்தனம், படித்தவனின் அகங்காரம் என்று நல்ல கட்டுரைபோலவே வந்தது. அவர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர், விளக்குமாற்றைப் பிடித்தபடி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "முடிஞ்சுதோ, சேர்?" என்று கேட்டுவிட்டு, "தண்ணிப் பவுசர் ரெண்டு நாளா வரேல்லை. அடுத்தமுறை வாகனத்திலை வரேக்கை ரெண்டு கான் நல்லதண்ணி கொண்டுவாங்கோ" என்றார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு கானில் நிரப்பிப் புத்தூருக்குக் கொண்டுபோகிறேன். கூட்டங்களுக்கு இன்னும் போகிறேன். யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல, மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்கிற கணம் இப்போதும் வருகிறது. நாக்கு நுனிவரை வருகிற வசனத்தை விழுங்கிவிட்டு, நீங்கள் சொல்லுங்கோ என்று சொல்ல இந்த வயதில் பழகியிருக்கிறேன். அந்தப் பாடத்துக்கான செலவை நான் கொடுக்கவில்லை, அவர் கொடுத்தார் என்பதுதான் இன்றைக்கும் நெஞ்சை விட்டுப் போகாமல் இருக்கிறது.

போன சனிக்கிழமை கான்களை இறக்கி வைத்துவிட்டு, கொஞ்சம் புண்ணியவான்போல நிமிர்ந்து நின்றிருப்பேன் போலிருக்கிறது. அக்கா வெற்றுக் கான்களை எடுத்துத் தந்துகொண்டே சொன்னார்:

"குறை நினையாதேங்கோ சேர், உங்கடை இணுவில் தண்ணியிலை சுண்ணாம்பு கூட. கேத்தில் அடியெல்லாம் வெள்ளையாப் பிடிக்குது."