குலேந்திரனின் மதியச் சாப்பாடு

சுவிஸில் டீட்டிகோன் ஊரிலிருந்து தினமும் ரயிலேறிப் போய், அரச பல்கலைக்கழக உணவகத்தில் கோப்பை கழுவினார் குலேந்திரன். உணவகம் இரண்டு மணிக்கு மூடும் என்றால் மூடும்தான். பல்கலைக்கழகத்துக்காக ஓட்டப்பந்தயங்களில் ஓடும் மாணவி எலேனா பயிற்சி முடிந்து வர இரண்டேகாலாகிவிடும். அவளுக்குக் கைதட்ட நகரமே இருந்தது. இரண்டு மணிக்குப் பிறகு சாப்பாடு போடத்தான் சட்டத்தில் இடமில்லை. ஒரு வருடமாகக் குலேந்திரன் தனக்குரிய ஊழியர் சாப்பாட்டைப் பின்கதவால் அவளிடம் கொடுத்துவந்தார்.

"விசரோ அண்ணை? வேலை போனா இஞ்ச இருக்கிற பெர்மிட்டும் போயிடும்," என்றான் கூட வேலைசெய்த ஜெபநேசன்.

"என்ர சாப்பாடுதானேடா. எனக்கு வயிறு சரியில்லை."

"ஒரு வருசமாவோ?"

1996 மார்கழியில், விளையாட்டு வீரர்களுக்குக் கொடையளித்தவர்களுக்குப் பல்கலைக்கழகத் தலைவர் அதே உணவகத்தில் விருந்து வைத்தார். கோப்பை எடுக்கப் போன குலேந்திரனைப் பெயர் சொல்லி நிறுத்தினார். எலேனா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். பெர்மிட் போய்விட்டதென்றே குலேந்திரன் நினைத்தார்.

தலைவர் கொடையாளர் பட்டியலை வாசித்தார். வங்கிக்காரர், கடிகார முதலாளி, அடுத்ததாக, "குலேந்திரன், ஒரு வருட மதியச் சாப்பாடு." கடிகார முதலாளியின் செலவில் நாளையிலிருந்து உணவகம் மூன்று மணிவரை திறந்திருக்கும் என்றார். மலை நகர்ந்தாலும் அந்த இரண்டு மணி நகராது என்று நம்பியிருந்த குலேந்திரன், எடுத்த கோப்பைகளைத் திரும்ப மேசையிலேயே வைத்தார். தலைவர் எழுந்து, தன் பக்கத்துக் கதிரையை அவருக்காக இழுத்துவிட்டார்.

"ஐயோ, கோப்பை ஆர் கழுவுறது?" என்றார் குலேந்திரன் தமிழிலேயே.

"இருங்கோ அண்ணை," என்றான் சமையலறை வாசலில் நின்ற ஜெபநேசன். "எலேனா கழுவத் தொடங்கிட்டாள்."

குலேந்திரன் உட்கார்ந்தார். அன்று அவருக்கு வயிறு சரியாகிவிட்டது.