அணைக்கட்டுக்குப் போன ஸ்டவ்

என் கணவரின் நாக்கைப் பற்றி எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவரே சொல்லித் தெரிய வைத்திருந்தார். திருநெல்வேலி டவுனில் எந்தக் கடையில் எந்தக் கிழமை சாம்பாரில் பருப்பு குறையும், எந்த மாஸ்டர் கோபித்துக்கொண்டு எந்தக் கடைக்கு மாறினார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஹோட்டலில் உட்கார்ந்ததும் முதலில் தண்ணீரைத்தான் குடிப்பார். ஒரு மடக்கு வாயில் வைத்து, கூரையைப் பார்த்து, விழுங்கி, பிறகு தீர்ப்புச் சொல்வார். தாமிரபரணித் தண்ணீர் என்றால் சாப்பிடுவார். போர் தண்ணீர் என்றால் எழுந்துவிடுவார். ஹைகோர்ட் ஜட்ஜ் தோற்றுப்போவார். ஆபீசில் அவர் பார்த்தது குமாஸ்தா வேலை.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். காலையில் இந்த நாக்குக்கு வடித்துக் கொட்டிவிட்டுப் பஸ் ஏறுவேன், சாயங்காலம் வந்து மறுபடியும் அடுப்படி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் இப்படியே போயிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், சிநேகிதரின் குவார்ட்டர்ஸ் சாவி கிடைத்திருக்கிறது, சனி ஞாயிறு மணிமுத்தாறு அணைக்குப் போய் வரலாம் என்றார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"ரெண்டு நாளும் நான் கரண்டியத் தொட மாட்டேன். எல்லா வேளையும் ஹோட்டல்தான்."

"நல்ல ஹோட்டலாப் பாத்துக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்புல்லா" என்றார், நெஞ்சில் கை வைத்து.

பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். ஒரு பெரிய பையை அவரே தூக்கிக்கொண்டார். நான் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. என்ன ஒரு கரிசனம் என்று பூரித்துப்போனேன். பஸ்ஸில் லேசாக மண்ணெண்ணெய் வாடை அடித்தது. முன் சீட்டுக்காரர்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் அம்பாசமுத்திரத்தில் இறங்கி ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். நல்ல கூட்டம். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அவரைக்காய்ப் பொரியலும் ஊறுகாயும் வைத்துவிட்டார்கள். நான் பொரியலில் கை வைக்கப்போன நேரம், இவர் தம்ளரை எடுத்துக் கூரையைப் பார்த்தார்.

"என்ன வே, போர் தண்ணியா?"

"ரெண்டு நாளாக் குழாய்ல வரல அண்ணாச்சி. அதான்" என்றார் கடைக்காரர், பாவம்.

இவர் எழுந்துவிட்டார். இலை போட்ட பிறகு எழுந்து போகிறவர்களைச் சண்டை நடந்த கல்யாண வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். கூட்டம் முழுக்க எங்களைப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று, பசி மட்டும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு ரெண்டு வாழைப்பழம் தின்றுவிட்டு அணைக்கு வண்டி ஏறினோம்.

அணை நிறைந்து கிடந்தது. பின்னால் மலை, முன்னால் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் தண்ணீர். கரைக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகையில், அணையில் பிடித்த மீனை ஒரு அம்மாள் மசாலா தடவிப் பொரித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனையிலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தோம். தம்ளர் வந்தது.

"தண்ணி எங்கன எடுக்கீக?"

"அணைத் தண்ணிதான் அண்ணாச்சி. வேற எங்கன போவோம்?"

ஒரு மடக்கு குடித்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "இது மணிமுத்தாறுல்லா. தாமிரபரணி இல்லியே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வகுப்பே எடுத்துவிட்டேன். "இந்த ஆறு கொஞ்சம் கீழ போயி தாமிரபரணியிலதான் சேருது. நீங்க டவுன்ல குடிக்கிற தண்ணியில இதுவும் உண்டு."

"சேந்த பிறகு ருசி மாறிரும்" என்றார்.

எட்டாம் வகுப்பில் எவனாவது இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். புருஷனுக்கு முட்டை போட வழியில்லை. அவர் பின்னாலேயே எழுந்து வந்தேன். சாயங்காலம் பார்த்த டீக்கடைத் தோசைக்குத் தண்ணீர்ப் பரீட்சைகூட நடக்கவில்லை. சட்னியின் நிறத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார்.

குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் அந்தப் பெரிய பையைத் திறந்தார். உள்ளே எங்கள் வீட்டுத் திரி ஸ்டவ், அரிசி, பருப்பு, ரவை, ஒரு வாணலி, ஒரு சட்டி. அடியில், துண்டில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கேனில் தண்ணீர். எங்கள் வீட்டுக் குழாயில் பிடித்த தாமிரபரணித் தண்ணீர். ஆறு இறங்கி வந்த வழியே அதைத் திருப்பி மலையடிவாரத்துக்குத் தூக்கி வந்திருக்கிறார் மகானுபாவர்.

"எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

கேனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டவ்வைப் பார்த்தால் வயிறு எரிந்தது. நெஞ்சில் கை வைத்துப் பொறுப்பு என்று சொன்ன அன்றைக்கே, நான்தான் சமைக்கப்போகிறேன் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் பசிக்கு ரோஷம் ஏது. ரவையைக் கிளறி இறக்கினேன். அவர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இந்த ருசி எந்த ஹோட்டல்ல கிடைக்கும், சொல்லு" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். வாணலியைத் தேய்க்கும்போது எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையும் உப்புமாதான். பதினொரு மணிக்குக் கட்டிலில் சாய்ந்து பேப்பரை விரித்துக்கொண்டு, "மத்தியானத்துக்குச் சோறும் ஒரு சாம்பாரும் மட்டும் வச்சிரு. நீ ஒண்ணும் சிரமப்பட வேண்டாம்" என்றார்.

அந்த 'மட்டும்' என்னை எழுப்பிவிட்டது. மணிபர்ஸை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். எங்கே என்று அவர் கேட்கவும் இல்லை.

நேரே தகரக் கொட்டகைக்குப் போனேன். அதுவரை நான் எந்த ஹோட்டலிலும் தனியாக உட்கார்ந்தது கிடையாது. பெஞ்சில் நாலு ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கால் கொஞ்சம் பின்வாங்கியது. அந்த அம்மாளே ஓரத்தில் இடம் காட்டி, "அண்ணாச்சி வரலியா?" என்று கேட்டார்.

"அவுக தண்ணிக்குக் காவல் இருக்காக" என்றேன்.

உண்மையைச் சொன்னால் மீனில் உப்பு கூடுதல். சோறு கொட்டை கொட்டையாக இருந்தது. இதை இன்றுவரை அவரிடம் நான் ஒப்புக்கொண்டதில்லை. பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் சட்டியோடு பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் ரெண்டு கை சோறு வைக்கட்டா யக்கா? பைய சாப்பிடுங்க" என்றார். இந்தக் கேள்வியை ஒன்பது வருஷமாக நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. வைங்க என்று தலையை ஆட்டினேன். அணைத் தண்ணீரையும் ரெண்டு தம்ளர் குடித்தேன்.

திரும்பி வந்தபோது மணி ரெண்டு தாண்டியிருந்தது. அவர் ஸ்டவ் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். திரியை எப்படி ஏற்றுவது என்று தெரியவில்லை. சுற்றிலும் பத்துப் பதினைந்து எரிந்த தீக்குச்சி.

"எங்க போயிட்ட?"

"சாப்பிடப் போனேன்."

என் கையைப் பார்த்தார். பொட்டலம் எதுவும் இல்லை.

"அப்ப எனக்கு?"

"ஸ்டவ் இருக்கு, அரிசி இருக்கு, தாமிரபரணித் தண்ணியும் இருக்கு" என்றேன். "எதுக்கும் இருக்கட்டும்னு நீங்கதான கொண்டாந்தீக."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தேன். அப்புறம் கேன் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"அரிசிக்கு எவ்வளவு தண்ணி விடணும்?" என்று கேட்டார், தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.