அக்காவின் ஜூடோக்காரி

சதுரமான ஒரு பிஸ்கட் தகரம். மளிகைக் கடைகளில் பிஸ்கட்டை நிறுத்து விற்பார்களே, அந்தத் தகரம். அதன் மூடியில் ஒரு குமிழ்க் கைப்பிடியும் மூன்று பொத்தான்களும் பொருத்தப்பட்டிருந்தன. அக்கா செய்தது. உள்ளே பலகை வைத்து இறுக்கி, கம்பிகளைத் தானே பற்றவைத்திருந்தாள். செனாயில் மின்னணுத் தொழிற்சாலையில் நாள் முழுக்க அவள் செய்த வேலை அதுதான். கைப்பிடியும் பொத்தான்களும் குளுவாங்கில் நாங்கள் காசு போட்டு ஆடிக்கொண்டிருந்த வீடியோ விளையாட்டுக் கடை மூடப்பட்டபோது, அதன் முதலாளி தௌக்கே "கொண்டு போ, உன்னை விட யாரு இதை அழுத்தினா?" என்று கழற்றிக் கொடுத்தவை.

நாங்கள் ரெங்கம் ஊர்ப் பிள்ளைகள். சனிக்கிழமைகளில் குளுவாங்குக்குப் பேருந்தில் டியூஷன் போவோம். வகுப்பு முடிந்து பேருந்து வரும்வரை அந்தக் கடையில் நிற்போம். மற்ற இயந்திரங்களில் உள்ளங்கையிலிருந்து நெருப்பு பறக்கும், ஆட்கள் வானத்தில் நின்று சண்டை போடுவார்கள். நாங்கள் ஆடிய சண்டை விளையாட்டில் அதெல்லாம் கிடையாது. தடுக்க ஒரு பொத்தான், குத்த ஒன்று, உதைக்க ஒன்று. ஒவ்வொருவரும் உலகத்தில் எங்கோ யாரோ உண்மையில் பயிலும் ஒரு கலையில் சண்டையிடுவார்கள். விழுந்தால் உடம்பின் பாரத்தோடு விழுவார்கள். கால் நிலைகொள்ளாத நேரத்தில் வாங்கும் அடி கூடுதலாக வலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களை அடித்தாலும் ஜெயிக்கலாம், ஆனால் பொறுத்திருக்கத் தெரிந்த ஒருத்தர் எதிரே வரும்வரைதான். அக்காவுக்குப் பொறுத்திருக்கத் தெரியும்.

அவள் எடுத்துக்கொண்டது ஜூடோக்காரியை. நாற்பதைத் தொட்ட பெண். அகன்ற தோள், தடித்த இடுப்பு, இழுத்துக் கட்டிய கூந்தல். மெதுவாகத்தான் நகர்வாள், அதனால் ஆட வருகிற யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். அக்காவும் பெரிய உடம்புக்காரி. பள்ளியிலும் பேருந்திலும் அவளை என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

"ஏன்க்கா இவளையே எடுக்கிற? ஓடக்கூடத் தெரியல."

"நின்னா எப்படி நிக்கிறா பாருடி. யாராவது தள்ளிப் பாக்கட்டும்."

பையன்கள் சிரித்துக்கொண்டே வந்து உட்காருவார்கள். அக்கா தடுப்பாள், மறுபடியும் தடுப்பாள். அவன் அலுத்துப்போய் அரை அடி கூடுதலாக முன்னே வரும் அந்தக் கணத்தில் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடிப்பாள். உடம்பு தரையில் மோதும் அந்தச் சத்தத்துக்குக் கடையே ஒரு நிமிடம் திரும்பிப் பார்க்கும். அக்காவை யாரும் பெயர் வைத்துக் கூப்பிடாத இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பிறகு அந்த விளையாட்டு வீட்டுத் தொலைக்காட்சிக்கும் வந்தது. அதோடு வந்த கருவியைத் தொடாமல், தான் செய்த தகரத்தைப் பொருத்தித்தான் அக்கா ஆடினாள். புதுப் பதிப்பு ஒன்று வெளியான சமயத்தில் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் போட்டி வைத்தார்கள். அக்கா தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு தகரத்தோடு கிளம்பினாள். துணைக்கு நான். காலையில் பெயர்களைப் பதிந்துகொண்ட ஏற்பாட்டாளர்கள் தகரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், "போலே, போலே", ஆடலாம் என்று உள்ளே விட்டார்கள். மாலைக்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

இறுதி ஆட்டத்தில் எதிரே இருந்தவன் நம் தமிழ்ப் பையன்தான். கல்லூரி மாணவன், நன்றாக ஆடக்கூடியவன். ஆட்டத்துக்கு முன்பு, "அக்கா, பாத்துப் போட்டு அடிங்க" என்று சிரித்துக் கைகொடுத்தான். அக்கா ஜெயித்தாள். கூட்டம் கத்திய கத்தலில் நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன். நான் இறங்குவதற்குள் அவனுடைய நண்பர்கள் ஏற்பாட்டாளரைச் சூழ்ந்திருந்தார்கள். தகரத்துக்குள் தானாக அடிக்கும் கருவி ஏதோ இருக்கிறதாம். அதை அனுமதிக்க முடியாதாம்.

அக்கா பையிலிருந்து திருப்புளியை எடுத்து அங்கேயே மூடியைத் திறந்தாள்.

"பாருங்க சார், வெறும் கம்பிதான். வேற என்ன இருக்கு இதுல?"

"சட்டம்னா சட்டம்தான் லா, கக். எங்க கருவியில இன்னொரு தடவை ஆடுங்க." மலாயில் அக்கா முறை வைத்தே சொன்னார் ஏற்பாட்டாளர்.

அக்கா அந்த இளைஞனிடம் திரும்பினாள். "தம்பி, நீங்களே சொல்லுங்க. காலையில இருந்து பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க?"

அவன் தன் கருவியின் கம்பியைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான். "அவங்க சொல்றதத்தானேக்கா நாம கேக்கணும்."

எழுந்து போயிருந்தால் பயந்து ஓடினாள் என்று பேசியிருப்பார்கள். அக்கா உட்கார்ந்தாள். கட்டைவிரலால் தேய்த்து ஆடும் அந்தக் கருவியில் அவள் அதுவரை ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் விரல்கள் இல்லாத கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன்.

வீடு திரும்பும் பேருந்தில் அழுதது நான். அவள் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு செம்பனைத் தோட்டங்களையே பார்த்து வந்தாள். சிம்பாங் ரெங்கம் தாண்டிய பிறகு சொன்னாள். "தோத்தது வலிக்கலடி. தொறந்து காட்டினேன் பாரு, ஒருத்தன்கூடக் குனிஞ்சு பாக்கல."

அதன் பிறகு அவள் ஆடவில்லை. கல்யாணம், பெண் பிள்ளை, ஜொகூர் பாருவில் வாடகை வீடு. இப்போது சிங்கப்பூரில் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் இடத்தில் வேலை. விடிவதற்கு முன்பே எல்லைப் பாலத்துக் கூட்டத்தில் போய் நிற்கிறாள்.

ஆடிக்கொண்டிருந்தது நான்தான். ஒவ்வொரு பதிப்பையும் வாங்கினேன், ஒவ்வொரு பதிப்பிலும் ஏதோ ஒன்றை இழந்தேன். முதலில் ஜூடோக்காரியின் இடுப்பைக் குறைத்தார்கள். அடுத்ததில் முகத்துக்கு இருபது வயது, சட்டைக் கழுத்தும் கீழே இறங்கியிருந்தது. அதற்கடுத்து அவளே இல்லை. தேடினால், தனியாகக் காசு கொடுத்தால் வருவாளாம், நீச்சலுடை வேறு கணக்காம். அடி விழும் இடத்தில் வண்ண வண்ணமாக ஒளி தெறிக்க ஆரம்பித்தது. தரையில் விழுந்த உடம்பு பந்து மாதிரி எகிறியது. புதியவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று செய்தார்களாம். புதியவர்கள் வருவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த விளையாட்டிடம் இருந்ததே உடம்பின் பாரம் ஒன்றுதான். மற்றவையெல்லாம் மற்ற விளையாட்டுகளிலும் இருந்தன. உள்ளதை உள்ளபடி காட்டியதற்காக அதை நேசித்தவர்கள் நாங்கள். அகன்ற இடுப்புள்ள ஒரு பெண் அசையாமல் நிற்பதை மட்டும் அவர்களால் கடைசிவரை உள்ளபடி விட்டுவைக்க முடியவில்லை.

பல வருட மௌனத்துக்குப் பிறகு இப்போது புதிய பதிப்பை அறிவித்திருக்கிறார்கள். விளம்பரத்துக்காக ஜொகூர் பாருவில் ஒரு விழா. சிறப்பு விருந்தினன் அதே இளைஞன். நடுத்தர வயது ஆகிவிட்டது, சண்டை விளையாட்டுகளுக்கு நேர்முக வர்ணனை சொல்லிப் பிரபலமாகியிருக்கிறான். சுவரொட்டியில் 'ஜொகூரின் முதல் சாம்பியன்' என்று போட்டிருந்தார்கள்.

அக்காவின் மகள் அவனுடைய ரசிகை. "சின்னம்மா, அவரு எவ்வளவு பெரிய ஆளு தெரியுமா? நீங்களாவது அம்மாகிட்ட சொல்லுங்களேன், ப்ளீஸ்" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். தன் அம்மா ஆடியதே அவளுக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. மறுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அக்கா நல்ல சட்டை ஒன்றை எடுத்துத் தேய்த்தாள். "பிள்ளை ஆசைப்படுறா. நீ காரை எடு."

வரிசையில் நின்றோம். மேலே பெரிய திரையில் மெலிந்த பெண் ஒருத்தி ஜூடோ உடையில் சுழன்றுகொண்டிருந்தாள். அக்கா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. எங்கள் முறை வந்தது. அவன் மகளின் தொப்பியில் கையெழுத்துப் போட்டான், நன்றாகப் படிக்கச் சொன்னான். பிறகு மகளின் கைப்பேசியை வாங்கி அக்காவிடம் நீட்டினான். "ஆன்ட்டி, நீங்களே ஒரு படம் எடுத்துக் குடுங்க."

அக்கா வாங்கிக்கொண்டாள். ஓர் அடி பின்னே போய், கால்களை அகட்டி நின்று, இரண்டு கைகளாலும் கைப்பேசியை உயர்த்தினாள்.

"சிரிங்க, தம்பி" என்றாள்.

அந்தக் குரலில் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அக்கா அழுத்தினாள், கைப்பேசியை மகளிடம் கொடுத்தாள், நடந்தாள். அவன் எங்கள் பின்னால் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அடுத்த ஆள் தொப்பியை நீட்டிவிட்டார்.

காரில் வரும்போது மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிணுங்கினாள். "அலாமாக், அம்மா! இவரு கேமராவையே பாக்கல. உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. திரும்பிப் போயி இன்னொண்ணு எடுக்கலாமா?"

"வேணாம்" என்றாள் அக்கா. "ஒண்ணு போதும்."