உப்புப் பார்ப்பவர்

புலம்பெயர்ந்து வந்த லாசால் நகர்ப்பகுதியில் ஒரு மெக்சிக்கோ சாப்பாட்டுக்கடையை ஜெகதீஸ்வரியும் கணவர் பேரின்பநாதனும் வாங்கியபோது, விற்ற மெக்சிக்கோக்காரி அவளைப் பக்கத்தில் நிறுத்திச் சமையல் பழக்கினாள். ஒன்றை மட்டும் பழக்க முடியவில்லை. ஜெகதீஸ்வரி மாட்டிறைச்சியை வாயில் வைக்க மாட்டாள். காய்ந்த மிளகாய் அரைத்துவிட்டு நெடுநேரம் அவிக்கும் மாட்டிறைச்சிக் குழம்பை மணத்தை வைத்தே சமைத்தாள். உப்புப் பார்ப்பது பேரின்பநாதனின் வேலை. அவர் இல்லாவிட்டால் கடை இல்லை என்று அவள் சொல்லிவந்தது புகழ்ச்சியல்ல, நிலைமை.

ஒரு கோடையில் வாசலில் வரிசை நின்றது. அடுத்த கோடையில் மாநகரசபை தெருவைக் கிண்டிப்போட, இருவரும் ஈ ஓட்டினார்கள். அதையும் தாண்டினார்கள். 2007 மாரிக் குளிரில்தான் தட்டுகள் பாதியோடு திரும்பி வரத் தொடங்கின. வழமையாக வரும் பஸ் சாரதி உப்புக் கூடிவிட்டது என்றதாக, வார இறுதியில் பரிமாறும் மகள் நிரோஜா வந்து சொன்னாள். வசந்தத்தோடு லீஸ் முடிகிறது. இருப்பதா விடுவதா என்று கட்டடச் சொந்தக்காரன் கேட்டுக்கொண்டிருந்தான்.

தன் கைதான் தவறிவிட்டது என்று ஜெகதீஸ்வரி நம்பினாள். அந்த நினைப்பில் பயத்தைவிட ஆறுதலே கூட இருந்தது. களைத்தவர்களுக்குத் தோல்வியும் ஓய்வு போலத் தெரியும்.

ஒருநாள் காலை தேநீருக்குச் சீனி போட மறந்துபோனாள். பேரின்பநாதன் ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தார். குழம்பில் ஒரு கரண்டி வாயில் விட்டு, "உப்புக் காணாது" என்று அள்ளிப் போட்டுவிட்டுக் கதவைத் திறக்கப் போனார். தன் தேநீரைக் குடித்தபோதுதான் அவளுக்குச் சீனி நினைவு வந்தது. சீனி இல்லாததை அவர் கவனிக்கவேயில்லை. கரண்டியைக் கழுவி, குழம்பில் தோய்த்து, நாக்கில் வைத்தாள்.

அவர் திரும்பி வந்ததும் கேட்டாள்: "எப்ப தொடக்கம் உங்களுக்கு ருசி தெரியேல்லை?"

அவர் மேசைத் துணியை மடித்தார். "பிரஷர் குளிசை மாத்தினதிலயிருந்து. சொன்னா கடையை மூடுவம் எண்டுவாய். இந்த வயதில நான் திரும்பவும் பக்டரி வேலைக்கோ போறது?"

கோபப்படவும் அவளுக்குத் தெம்பில்லை. "நான் வாயில வைச்சுப் பாத்திட்டன்."

அவர் நிமிர்ந்தார்.

"எப்பிடி இருந்தது?"

"உப்புக் கூட."

அவள் கை தவறவில்லை. ஆகவே ஓய்வதற்கும் காரணம் இல்லை. உப்பை இழுக்க உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டபடி, கடையில் இருக்கிறோம் என்று கட்டடக்காரனுக்கு ஓம் சொல்லச் சொன்னாள்.

"டொக்டரிட்டயும் போய் குளிசையை மாத்துங்கோ. ஒவ்வொரு நாளும் இதை என்னால வாயில வைக்க ஏலாது."