சுபமுகூர்த்த நாளில் ஒரு விருது விழா

மேடை அறிவிப்பாளன் என்பவன், யாரோ செய்த பிழைக்கு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவன். ஒருமுறையாவது மேடையில் நின்று "இன்னும் சற்று நேரத்தில்" என்று பொய் சொன்னவர்களுக்கு என் பாடு விளங்கும். மட்டக்களப்பு இசைக் கலைஞர்களுக்கு வருடாவருடம் எங்கள் சங்கம் நடத்தும் விருது விழாவில் அந்தப் பொய் என் பொறுப்பு.

நாள் பார்த்தது

எங்கள் சங்கத் தலைவர் நாள் பார்க்காமல் தலைமயிர் வெட்டவும் போகமாட்டார். இந்த முறை விழாவுக்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆவணியிலேயே ஆகத் திறமான சுபமுகூர்த்த நாளைப் பிடித்தார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். அழைப்பிதழ் அடித்தாயிற்று, மண்டபமும் பிடித்தாயிற்று.

பிறகுதான் கலைஞர்களுக்குப் போன் எடுத்தேன். தவில்காரருக்குக் கல்முனையில் கலியாணம். வயலின் ரீச்சருக்கு வாழைச்சேனையில். பாட்டுக்காரருக்கு ஒரே நாளில் இரண்டு இடம். சிறந்த வாத்தியக் கலைஞராகத் தெரிவாகியிருந்த ஓர்கன்காரத் தம்பி ஜீவாவுக்குக் களுவாஞ்சிகுடியில். ஊரெல்லாம் தாலி கட்டும் நாளில், தாலி கட்டுக்கு வாசிக்கிறவர்களை விருது வாங்க வரச்சொல்லியிருக்கிறோம்! தலைவரிடம் ஓடினேன். மனிசன் அசையவில்லை. "நாள் நல்லதுதானே தம்பி. மறுகா ஆள் வராட்டி, அது நாளிட பிழையா?"

முன்வரிசை

விழா பின்னேரம் மூன்று மணிக்கு. 'கலைஞர்கள்' என்று ஒட்டிவைத்த முன்வரிசைக் கதிரைகளில் மின்விசிறிக் காற்றுத்தான் இருந்தது. பின்னால் அவர்களின் வீட்டுக்காரர், அயலவர். இசைக் கலைஞர் விழாவுக்குத் தமிழ்மொழி வாழ்த்தை என் கைபேசியில் போட்டோம். வெட்கக்கேடு.

ஜீவாவின் மனைவி வசந்தி மேடையோரம் வந்து, கூட்டிவந்திருந்த தகப்பனைக் கண்ணால் காட்டினா. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல், வருஷப் பிறப்பு, மச்சாளின் கலியாணம் என்று ஒன்றுக்கும் ஜீவா மாமனார் வீட்டுப் பக்கம் போனதில்லை. தன்னை மதிக்காதவன் என்று அவருக்குத் தீராத கோபம். அவர் வாயில் ஜீவாவின் பெயர் 'ஓர்கன்காரன்'. கலியாணம் முடிந்த கையோடு ஜீவா ஓடிவந்து விருது வாங்குவான், அதை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று வசந்தி கெஞ்சிக் கூட்டிவந்திருக்கிறா. "இதுக்கும் அவர் வராட்டி, அப்பா இனி எங்கட வாசல் மிதிக்கமாட்டார் அண்ணன். எப்பிடியாவது நேரத்த இழுங்க."

பேச்சு

நேரத்தை இழுக்க எங்களிடம் ஆளில்லையா? எங்கள் பிரதம விருந்தினர் ஒலிவாங்கியைத் தொட்டால் இலேசில் விடமாட்டார். வருடாவருடம் 'நேரம் முடிந்தது ஐயா' என்று துண்டு எழுதி நீட்டுகிறவன் நான்தான். இந்த முறை அவர் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மனமார எழுதி நீட்டினேன்: 'ஐயா, விரும்பியமட்டும் பேசுங்கள்.' வாசித்தார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். ஒலிவாங்கியிலேயே சொன்னார், "நக்கல் விளங்குது தம்பி. இந்தா, இருந்திட்டன்."

பொன்னாடை

மிச்சம் இருந்தது பொன்னாடை. ஒலிபெருக்கிக்காரர், தேத்தண்ணி ஊற்றிய அக்கா, மண்டபக் காவலாளி என்று அகப்பட்ட எல்லோருக்கும் போர்த்தினேன். காவலாளி கழற்ற மறுத்துவிட்டார்.

அதற்குமேல் இழுக்க முடியவில்லை. விருதுகளைத் தொடங்கினேன். தவில்காரருக்குப் பதிலாக மனைவி ஏறி, "அவர் கலியாண வீட்டில" என்றா. வயலின் ரீச்சரின் தாய், "மகள் கலியாண வீட்டில" என்றா. பாட்டுக்காரரின் தம்பியும் அதையே சொல்ல, சபை சிரிக்கத் தொடங்கிவிட்டது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தரமும் அந்த வெறுங்கதிரைகளைப் பார்த்தார். கட்டியிருந்த கை எப்போதோ அவிழ்ந்திருந்தது.

கடைசி விருது ஜீவாவுக்கு. வேறு வழியில்லாமல் மாமனாரையே மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, விருதைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னேன். வசந்தி தலையில் கைவைத்துவிட்டா. "ஒரு நல்ல நாளைக்கும் எங்கட வீட்ட வராத ஆள்..." என்று தொடங்கியவர், முன்வரிசையைப் பார்த்து நிறுத்திவிட்டார். அந்நேரம் பார்த்து ஜீவா தோளில் ஓர்கன் பையோடு வேர்க்க விறுவிறுக்க உள்ளே ஓடிவந்தான், நெற்றியில் கலியாண வீட்டுச் சந்தனம் காயவில்லை. பெரியவர் விருதை யாரிடமும் கொடுக்காமல் தானே அவன் கையில் வைத்தார். தன் பொன்னாடையைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினார். ஒலிவாங்கி திறந்திருந்ததால் அவர் அவனிடம் மெதுவாகச் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது: "வாற அட்டமிக்கு வீட்ட சாப்பிட வாங்க மருமகன். அண்டைக்கு உங்கள ஒருத்தரும் கூப்பிடமாட்டாங்க."

அடுத்த வருட விழாவை நவமியில், அதுவும் ராகுகாலத்தில் வைப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம், எல்லாக் கலைஞர்களும் கட்டாயம் வருவதாக இப்போதே சொல்லிவிட்டார்கள்.