நாலாவது தட்டு

இரண்டாயிரத்து மூன்று வாக்கில், மதுரைக்கு மேற்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் புற்றுநோய்ச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தேன். ஊரே அதை ஒழிக்கப் பார்க்கிறது, நீ உட்கார்ந்து வளர்க்கிறாயா என்று அம்மா கேட்பாள். அவை புராஸ்டேட் புற்றுநோயிலிருந்து வந்த செல்கள். ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் முதலில் சுருளும். பிறகு பழகிக்கொண்டு, அந்த மருந்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

என் அப்பாவின் உடம்பிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. திருமங்கலம் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹார்மோனை அடக்கும் ஊசி, தினம் ஒரு மாத்திரை. இரண்டு வருஷம் நன்றாகக் கேட்டது. அப்புறம் ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் அளவு ஏற ஆரம்பித்தது. ஆனாலும் ஊசியை விடவே கூடாது, விட்டால் நோய் இன்னும் வேகம் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலையில், மருந்துக்குப் பழகிப்போன செல்கள் இருந்த நான்கு தட்டுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். முதல் தட்டில் மருந்தே இல்லை. இரண்டாவதில் ஹார்மோனை அடக்கும் மருந்து மட்டும். செல்கள் அசைந்து கொடுக்கவில்லை. மூன்றாவதில் மஞ்சளிலிருந்து பிரித்த சத்து மட்டும். கொஞ்சம் வாடியிருந்தன, அவ்வளவுதான். நாலாவதில் இரண்டையும் சேர்த்திருந்தேன். அங்கே செல்கள் பிடிப்பு விட்டு, உருண்டு, செத்து மிதந்தன. ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திரும்ப மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே வந்தது. தனியாக ஒன்றும் செய்ய முடியாத இரண்டு, சேர்ந்தவுடன் இப்படிச் செய்கின்றன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில்கூட வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறவள் நான், அன்று என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சேர்த்துக் கொடுத்தால் என்று தெளிவாகத்தான் சொன்னேன். அவர்கள் காதில் விழுந்தது மஞ்சள் மட்டும். எங்கள் வீட்டில் நாட்டு மருந்து என்றால் பத்தியம் உண்டு. கருவாடு கூடாது, கத்திரிக்காய் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது.

இரண்டு மாதம் கழித்து, அப்பாவுக்கு இடுப்பு வலி தாங்கவில்லை என்று அம்மா சொன்னாள். அலமாரியைத் திறந்தேன். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. ஊசி போடும் தேதியும் தாண்டிப் போயிருந்தது. மனுஷன் காலையும் மாலையும் மஞ்சளைப் பாலில் கலந்து குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் தாம்தூம் என்று குதித்தேன். நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அவர் மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு முறிச்சுப்புடும் தாயி. என்னால ஒன் மருந்து தோத்துறக் கூடாதுல்ல."



மறுநாள் அவரை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். அந்த வாரம் புதிதாகச் செய்திருந்த நான்கு தட்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்தேன். நாலாவதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ரெண்டையும் சேத்தா வச்ச?" என்றார்.

"ஆமாப்பா. தனித்தனியா ரெண்டுமே தோத்துருச்சு."

மறுபடி இரண்டாவதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மறுபடி நாலாவது. இம்புட்டூண்டு தட்டுக்குள்ளே இம்புட்டு நடக்கிறதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே உண்மையையும் சொல்ல வேண்டியிருந்தது. பாலில் குடிக்கிற மஞ்சள் ரத்தத்தில் அவ்வளவாகச் சேராது. தட்டில் நடப்பது மனித உடம்பில் நடக்குமா என்று யாருக்கும் தெரியாது. இப்போதைக்குக் கையில் இருப்பது அந்த ஊசிதான். அப்பா தலையாட்டினார். எவ்வளவு காதில் வாங்கினார் என்று தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மதுரை கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அவரே எனக்கு முன்னால் வேகமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தார். ஏன் இவ்வளவு நாள் தாமதம் என்று நர்ஸம்மா கடிந்துகொண்டார். அப்பா சட்டையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்.

"நீங்க ஊசியப் போடுங்கம்மா. மிச்சத்த எம் மக பாத்துக்கிருவா."

அந்த மிச்சத்துக்கு எத்தனை வருஷமாகும் என்று எனக்குத் தெரியும். அத்தனை வருஷம் அவரிடம் இல்லை என்பதும் தெரியும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கிறேம்ப்பா என்றேன்.